இரவில் பிள்ளையின் மூச்சைக் கவனிப்பது எப்படி: சேலம், ஏற்காடு பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

டாக்டர் முன்னால் உட்காரும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். காலை 11 மணி, ஓ.பி. வரிசை, பெஞ்சுக்கு அடியில் புகுந்து விளையாட்டு. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சு சுத்தம். "ராத்திரி முழுக்க இருமினான் டாக்டர்" என்று நாம் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? சத்தம் மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா? விலா உள்ளே போச்சா? தூக்கக் கலக்கத்தில் பார்த்தது எதுவும் ஞாபகம் வராது. "இருமல் ஜாஸ்தி டாக்டர்" என்று முடித்துக்கொள்வோம். அவரும் அதை வைத்துத்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

இரவு மூச்சுத் தொல்லைக்கு வீட்டில் விழித்திருப்பவர் மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியத்தை ஒழுங்காகச் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பெரிய கருவி தேவையில்லை. நொடி காட்டும் கடிகாரம், ஒரு நோட்டு, வீடியோ எடுக்கும் போன் போதும். என்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. அதை நாமே செய்யப் போனால்தான் சிக்கல்.

முதலில், காத்திருக்கக் கூடாத நேரம்

எண்ணுவது, எழுதுவது எல்லாம் பிள்ளை ஓரளவு நன்றாக இருக்கும் இரவுகளுக்கு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

- ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவிலோ, விலாவுக்குக் கீழேயோ, கழுத்துக்குழியிலோ ஆழமாகக் குழி விழுகிறது.
- மூச்சு விடும்போதெல்லாம் "ம்... ம்..." என்று முனகுகிறது.
- அழவோ பாலைக் குடிக்கவோ முடியவில்லை. பெரிய பிள்ளையானால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது.
- நாக்கு, ஈறு நீலம் பாய்ந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் நிறத்தில் உதட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாமல் போகலாம். விளக்கைப் போட்டு வாய்க்குள் பாருங்கள்.
- எழுப்பினால் சரியாக எழவில்லை, துவண்டு கிடக்கிறது.
- மூச்சு 20 நொடி அளவுக்கு நின்றுபோகிறது. அதைவிடக் குறைவாக நின்றாலும் உடல் வெளிறினாலோ துவண்டாலோ அதுவும் அவசரம்தான்.
- விசில் சத்தத்தோடு இளைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சத்தம் மட்டும் அடங்கிவிட்டது, ஆனால் நெஞ்சு இன்னும் போராடுகிறது. இது குணமல்ல. உள்ளே காற்றுப் போவதே குறைந்துவிட்டது என்று அர்த்தம். "சத்தம் நின்னுடுச்சு, தூங்கட்டும்" என்று விடுவது ஆபத்து.

3 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை தனிக் கணக்கு. காய்ச்சல், பால் குடிக்காமை, வேகமான மூச்சு, இவற்றில் எது வந்தாலும் இரவோடு இரவாகக் காட்டிவிட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அதே சமயம், பச்சிளம் குழந்தைகள் தூக்கத்தில் சில நொடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக நாலைந்து மூச்சு விட்டு, மறுபடி சீராவது சகஜம். 5 முதல் 10 நொடி வரை நின்று, நிறமும் மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு, காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்தபோதோ சாப்பிடும்போதோ புரையேறி, அன்று இரவிலிருந்து இருமலும் இளைப்பும் என்றால், வாயில் போட்டது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். நம் பக்கம் பெரும்பாலும் நிலக்கடலை, இல்லையென்றால் புளியங்கொட்டை. இதற்கு எத்தனை முறை நெபுலைசர் வைத்தாலும் தீராது. புரையேறியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏன் இரவில் மட்டும்?

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் பின்னிரவில், விடியற்காலை 4 மணியையொட்டி, மற்ற நேரத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பு நள்ளிரவையொட்டிக் குறைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். படுத்ததும் மூக்குச்சளி தொண்டையின் பின்பக்கம் இறங்கும். மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத டஸ்ட் மைட் உண்ணிகளின் கழிவு நேராக முகத்தில் படும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்வதால், டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெருத்த பிள்ளைக்கு வழி அடைக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் எதுக்களித்து இருமல் வரும். எட்டரை மணிக்குத் தள்ளுவண்டியில் காரச் சட்னியோடு தட்டுவடை செட், ஒன்பதரைக்குப் படுக்கை என்றால், அந்த இருமலுக்கு நெஞ்சுச் சளியை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆக, வெவ்வேறு கோளாறுகள் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்ல உதவுவது கவனிப்புதான்.

எத்தனை நாள், யார் யார்

2 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில்லாமல் கண்விழித்தால் மூன்றாம் வாரத்தில் பிள்ளையைவிட அம்மா சோர்ந்துபோவார். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர். அம்மாயியோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் எப்படி எண்ணுவது என்று காட்டிக்கொடுங்கள். பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும். நாம் அதில் கடிகாரத்தைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. தூங்கி 1 மணி நேரம் கழித்து ஒரு முறை, விடியற்காலை 4 மணிவாக்கில் ஒரு முறை, இடையில் சத்தம் கேட்டு எழுந்தால் அப்போது. இவ்வளவு போதும்.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுதான், பலரும் தப்பாகச் செய்வதும் இதைத்தான். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி குழந்தைகளுக்கு ஆகாது. அவர்கள் மூச்சு சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாகும், கொஞ்சம் நிற்கும். முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும்.

சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சைவிட வயிறுதான் நன்றாக ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் 1. கையை வைக்காதீர்கள், சில்லென்ற கை பட்டாலே மூச்சு மாறிவிடும். மங்கிய விளக்கோ, போன் வெளிச்சத்தைச் சுவரில் பட வைத்தோ பாருங்கள். அழுகிற, பால் குடிக்கிற நேரத்தில் எண்ணியது கணக்கில் சேராது. காய்ச்சலிலும் எண்ணிக்கை ஏறும் என்பதால் காய்ச்சல் இருந்தால் பக்கத்திலேயே அதையும் எழுதி, இறங்கியபின் மறுபடி எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் போனால் அது வேகமான மூச்சு. கிராம சுகாதாரச் செவிலியர்கள் நிமோனியாவைச் சந்தேகிக்கப் பயன்படுத்துவதும் இந்தக் கணக்கைத்தான். 5 வயதைத் தாண்டிய பிள்ளை அமைதியாக இருக்கும்போது 30-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்த எல்லைகளைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை நல்ல உடம்போடு தூங்கும்போது எத்தனை விடுகிறது? சளி இல்லாத மூன்று நாலு இரவுகளில் எண்ணி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். வழக்கமாக 22 விடுகிற 3 வயதுப் பிள்ளை ஒரு இரவு 36 விட்டால், எல்லைக்குள்தான் இருக்கிறது என்றாலும் ஏதோ நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 2: நெஞ்சையும் முகத்தையும் பாருங்கள்

எண்ணி முடித்ததும் அப்படியே ஒரு பார்வை. மூக்கு நுனி விரிந்து விரிந்து சுருங்குகிறதா? கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறதா? விலாவுக்குக் கீழே கோடு விழுகிறதா? நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே தள்ளி, இரண்டும் எதிரெதிராக ஆடுகிறதா? வாய் திறந்திருக்கிறதா? தலை பின்னால் வளைந்து, கழுத்தை நீட்டித் தூங்குகிறதா? தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறதா?

வாய் திறந்து, கழுத்தை வளைத்து, வியர்த்துத் தூங்குவது தொண்டைப் பக்கம் அடைப்பைச் சொல்லலாம். மூக்கு விரிவது, விலா இழுப்பது பெரும்பாலும் நுரையீரல் படும் பாடு. இதையெல்லாம் நீங்கள் பிரிக்க வேண்டாம், பார்த்ததை அப்படியே எழுதினால் போதும்.

படி 3: காது கொடுங்கள்

பாட்டிமார் கணை, இழுப்பு, இளைப்பு, மாந்தம் என்று பல பெயர் சொல்வார்கள். நாம் எல்லாவற்றையும் சேர்த்து "வீசிங்" என்று விடுகிறோம். வீசிங் என்று சொன்ன மாத்திரத்தில் டாக்டரின் யோசனை ஒரே பக்கம் போகும். அதனால் பெயர் வைக்காமல் சத்தத்தை விவரியுங்கள்.

மூச்சை விடும்போது மெல்லிய விசில், விடுவதற்கே நேரம் பிடிக்கிறது என்றால், அதுதான் உண்மையான வீசிங். மூச்சுக்குழாய்ச் சுருக்கம்.

மூச்சை இழுக்கும்போது கரகரவென்று கர்ண கடூரமாகச் சத்தம், கூடவே நாய் குரைப்பது போன்ற இருமல், தொண்டை கட்டிய குரல் என்றால், அது குரூப் (croup) என்னும் குரல்வளை வீக்கம். 6 மாதம் முதல் 3 வயதுப் பிள்ளைகளுக்கு, சாதாரணச் சளியில் ஆரம்பித்து, நள்ளிரவில் திடீரென்று வரும். பிள்ளை அழ அழ மோசமாகும். எனவே தூக்கி நிமிர்த்தி மடியில் வைத்து, சமாதானப்படுத்துவதே முதல் வேலை. தொண்டைக்குள் விரலோ கரண்டியோ விட்டுப் பார்க்கக் கூடாது. அமைதியாக இருக்கும்போதும் இழுப்புச் சத்தம் கேட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்திலேயே அடங்கிவிடும்.

குறட்டை மூன்றாவது. சளி பிடித்தபோது வரும் குறட்டை பரவாயில்லை. சளி இல்லாமலே வாரத்துக்கு 3 இரவுக்கு மேல் குறட்டை விடும் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும். குறட்டை நடுவில் திடீரென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, காற்று போகாமல், பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு வருகிறதா? அதுதான் தூக்க மூச்சடைப்பு. இந்தப் பிள்ளைகள் பகலில் தூங்கி வழிவதற்குப் பதிலாகத் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பதும் உண்டு. படிப்பில் கவனம் இல்லை, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி ஆரம்பம், காலையில் தலைவலி என்று வேறு வேறு புகாராக வரும். வீட்டில் "அப்பனைப் போலவே குறட்டை" என்று சிரித்துவிட்டுப் போவதில்தான் இது வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது.

வெறும் இருமலிலும் பார்க்க ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் ஓயாமல் இருமுகிற பிள்ளை, தூங்கிய பிறகு ஒரு தடவைகூட இருமவில்லை என்றால் அதையும் குறியுங்கள். பழக்கத்தில் வரும் இருமல் தூக்கத்தில் காணாமல் போகும். ஆஸ்துமா இருமல் தூக்கத்தைக் கலைக்கும்.

கைக்குழந்தையின் முதுகில் கை வைத்தால் தெரியும் கரகரப்பு வேறு. நன்றாகப் பால் குடித்து, சிரித்து, விலா இழுக்காமல் இருந்தால் அது பெரும்பாலும் தொண்டையில் நிற்கும் சளிதான்.

படி 4: வீடியோ

டாக்டர்களுக்கு நம் வர்ணனையைவிட 1 நிமிட வீடியோ பிடிக்கும். அதில் முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு நான்கும் தெரிய வேண்டும். போர்வையை விலக்குங்கள், சட்டையைத் தூக்குங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழட்டும். மின்விசிறி சத்தம் எல்லாவற்றையும் முழுங்கிவிடும், அந்த 1 நிமிடத்துக்கு நிறுத்துங்கள். "பாருங்க டாக்டர், எப்படி இழுக்குது" என்று நீங்கள் பேசிக்கொண்டே எடுத்தால் மூச்சுச் சத்தம் கேட்காது. தேதி, நேரம் போனிலேயே பதிவாகிவிடும்.

குறட்டைக்காக எடுப்பவர்கள் தூங்கிய அரை மணியில் எடுத்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். குழந்தைகளின் தூக்க மூச்சடைப்பு கனவுத் தூக்கத்தில்தான் அதிகம், அந்தத் தூக்கம் இரவின் பின்பாதியில் கூடும். 3 மணிக்கு மேல் எடுப்பதில்தான் விஷயம் இருக்கும்.

பிள்ளையின் வெற்று உடம்பு தெரியும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். டாக்டருக்குக் காட்டியபின் அழித்துவிடலாம்.

படி 5: நோட்டு

இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் 40 பக்க நோட்டுதான் வசதி. இருட்டில் தேட வேண்டாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், சார்ஜ் தீராது. ஒரு இரவுக்கு இரண்டு மூன்று வரி போதும். இப்படி:

செவ்வாய். 10.15: மூச்சு 24, சத்தம் இல்லை. 3.50: இருமி எழுந்தான், மூச்சு 38, விடும்போது விசில், விலா லேசாக. நீல பஃப் (உடனடி நிவாரண இன்ஹேலர்) 2. 4.15: மூச்சு 28, தூங்கிவிட்டான். சாயங்காலம் பக்கத்து வீட்டில் குப்பை எரித்தார்கள்.

புதன். தொந்தரவு இல்லை.

இரண்டாவது வரியை எழுத மறக்காதீர்கள். தொந்தரவு இல்லாத இரவுகளையும் எழுதினால்தான் 14-ல் எத்தனை என்று கணக்கு வரும். மருந்து கொடுத்தால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, அதற்குமுன் மூச்சு எத்தனை, 20 நிமிடம் கழித்து எத்தனை என்று எழுதுங்கள். மருந்து கேட்கிறதா என்பது டாக்டருக்கு மிகப் பெரிய துப்பு.

ஏற்கெனவே ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, 4 வாரத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பகலில் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் தொந்தரவு வந்ததா? ஒரு இரவாவது அதனால் விழித்ததா? உடனடி நிவாரண பஃப் வாரத்துக்கு 2 முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஓடி விளையாடுவது குறைந்ததா? நான்குக்கும் இல்லை என்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கோ இரண்டுக்கோ "ஆம்" என்றால் அரைகுறை. 3, 4 என்றால் கட்டுக்குள் இல்லை. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு "வாரத்துக்கு 2 முறைக்கு மேல்" என்ற இடத்தில் "1 முறைக்கு மேல்" என்று வைத்துக்கொள்ள வேண்டும், இரவு இருமலும் கணக்கில் சேரும். இரவு விழிப்பு மாதத்தில் ஒன்றே ஒன்று என்றாலும் அது ஆம்தான்.

ஆக்ஸிமீட்டரை எவ்வளவு நம்பலாம்

கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் டிராயரில் கிடக்கிறது. பயன்படுத்தலாம், ஆனால் அதுவே எல்லாம் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களின் கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது, தப்பாகக் காட்டும். சின்னப் பிள்ளைக்குக் குழந்தைகளுக்கான கிளிப் வேண்டும். விரல் சூடாக இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம், எண் நிலையாக நிற்கும்வரை காத்திருங்கள். 95-உம் அதற்கு மேலும் நிம்மதி. 92 முதல் 94 என்று நின்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 92-க்குக் கீழே அவசரம்.

இரண்டு எச்சரிக்கை. கருத்த தோலில் இந்தக் கருவிகள் சிலசமயம் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அப்புறம், விலா இழுக்க இழுக்கப் போராடும் பிள்ளைக்கு 97 காட்டலாம். உடம்பு தாக்குப்பிடிக்கிறது, இன்னும் களைத்துப்போகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எண்ணா, நெஞ்சா என்று வந்தால் நெஞ்சை நம்புங்கள்.

5, 6 வயதுக்கு மேல், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஊதலாம். காலை, மாலை மூன்று முறை ஊதி அதிகமான எண்ணை எழுத வேண்டும். டாக்டர் சொன்னால் வாங்குங்கள். காலில் மாட்டும் ஸ்மார்ட் சாக்ஸ் மாதிரியானவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அறையையும் எழுதுங்கள்

சேலம் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று மலைகள் சூழ்ந்த ஊர். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது, தெருவில் குப்பை எரித்த புகை தரையோடு தங்கிவிடும். தீபாவளி, போகிக்கு அடுத்த இரவுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஆனால் வெளிப்புகையைவிட அறைக்குள் நாமே போடும் புகைதான் பெரும்பாலும் குற்றவாளி. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிப்பதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலை காய சாம்பிராணி போடுவது நம் வழக்கம். இளைக்கிற குழந்தைக்கு அதை நிறுத்திப் பாருங்கள், அம்மாயி கோபித்துக்கொண்டாலும் சரி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், பற்றவைக்கும் புகையும் அமில ஆவியும் பிள்ளை படுக்கும் அறைக்கு வராதபடி பார்க்க வேண்டும். தறி வீடுகளில் பஞ்சுத் தூசும் அப்படியே. தறி ஓடிய நாள், ஓடாத நாள் என்று நோட்டில் குறித்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டுக்குப் பக்கமான வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்து, தட்டும்போது பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

மலையில் இருப்பவர்கள், மலைக்குப் போகிறவர்கள்

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே ஆக்ஸிமீட்டர் கீழே காட்டுவதைவிட ஒன்றிரண்டு எண் குறைவாகக் காட்டலாம். அதனால்தான் நல்ல உடம்பில் இருக்கும்போது அங்கேயே ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சணம், விறகடுப்புப் புகை இரண்டும் மலை வீடுகளின் தலையாய பிரச்சினை. பிள்ளையின் கட்டிலைப் பூஞ்சணம் பிடித்த சுவரிலிருந்து நகர்த்துவதே நல்ல ஆரம்பம்.

குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்து, கதவை ஜன்னலை அடைத்துக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. போதாக்குறைக்கு, இரத்தத்தில் அது ஏறியிருந்தாலும் சாதாரண ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜன் சரியாக இருப்பதாகவே காட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி என்றால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள்.

நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் சேலத்துக்காரர்களைவிட முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவு. பனி மூடினால் இன்னும் மெதுவாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது பலருக்கு நினைவிருக்கும். சேலத்தில் "இன்னும் அரை மணி பார்ப்போம்" என்று சொல்லத்தக்க நிலையில் மலையில் வண்டி கிளம்பியிருக்க வேண்டும். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டி, ஆக்ஸிஜனும் நெபுலைசரும் வைத்துக்கொண்டு இறங்குவது, நேராக இறங்குவதைவிடப் பாதுகாப்பு. கீழே சேலம் ஜி.எச்., அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

கோடை விழாவுக்குப் போகும் குடும்பங்கள் இன்ஹேலரையும், அதன் முனையில் மாட்டும் குழாயான ஸ்பேசரையும் கைப்பையில் வையுங்கள். வண்டியின் டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருக்கும் பஃப், போக்குவரத்து நெரிசலில் பதினெட்டாவது வளைவில் உதவாது.

அந்த நேரத்தில் என்ன செய்வது

பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் நிவாரண பஃப் எழுதிக்கொடுத்திருந்தால் அவர் சொன்ன அளவில் ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். குலுக்கி, ஒரு பஃப் அடித்து, 5, 6 மூச்சு விட்டபின் அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் பாதி ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரின் முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். 20 நிமிடத்தில் தெளிவான மாற்றம் இல்லாவிட்டாலோ, சரியாகி 3, 4 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாலோ மருத்துவமனை.

தரையில் கொதிக்கும் பாத்திரம் வைத்து ஆவி பிடிக்க வைப்பதில் சளி இளகுவதைவிட வெந்நீர்க் காயம்தான் அதிகம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்த் தனி நோயாகலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களை 2 வயதுக்குள் தடவக் கூடாது, எந்த வயதிலும் மூக்குக்குள்ளோ வாய்க்குள்ளோ போகக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். இருமல் சிரப்பை 2 வயதுக்குள் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

டாக்டரிடம் போகும்போது

நோட்டு முழுவதையும் நீட்டாதீர்கள். ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். முதல் நாள் இரவே ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுங்கள்: 14 இரவில் எத்தனை இரவு தொந்தரவு, எத்தனை மணிக்கு, அமைதியான இரவில் மூச்சு எத்தனை, மோசமான இரவில் எத்தனை, சத்தம் எப்படி, பஃபுக்குக் கேட்டதா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தோல் அரிப்பு, அடுக்குத் தும்மல் உண்டா. வீடியோவை முன்கூட்டியே திறந்து வையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் ஸ்பேசரைக் கொண்டுபோய், அங்கேயே பிள்ளைக்குக் கொடுத்துக் காட்டுங்கள். மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியது மருந்து அல்ல, கொடுக்கும் முறைதான். கிளம்புமுன், எந்த நிலையில் எத்தனை பஃப், எந்த நிலையில் மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அதைப் போட்டோ எடுத்துப் பள்ளி டீச்சருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மருந்து மாற்றினால் அடுத்த 2 வாரம் மறுபடி எழுதுங்கள். மாற்றம் தெரிந்து, இரவுகள் அமைதியானதும் தினமும் எழுதுவதை நிறுத்திவிடலாம். பருவம் மாறும்போது, சளி பிடிக்கும்போது மட்டும் திரும்ப எடுத்தால் போதும். தடுப்பு இன்ஹேலரை மட்டும், பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானே காயவிடுங்கள். இன்ஹேலரில் எத்தனை பஃப் மீதி என்று காட்டும் எண்ணை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருமுறை பாருங்கள், இரவு 2 மணிக்குக் காலியாகிவிட்டது என்று தெரியவருவதற்கு முன்.